பேஸ்மென்ற் பெர்மிட்: ஒன்ராறியோவில எங்கட ஆக்கள் திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

எங்கட ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்ற்றைச் செய்து முடிச்ச நாளிலயிருந்து, பிறந்தநாள் வீடு, கோயில் மண்டபம், அந்தியேட்டி எண்டு எங்க போனாலும் ஆராவது ஒராள் சாப்பாட்டுத் தட்டோட பக்கத்தில வந்திருந்து "தம்பி, உந்த பெர்மிட் கதை என்ன மாதிரி" எண்டு தொடங்கிவிடுவார். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் நொந்து போனதால இதை எழுதி வைக்கிறன். நான் என்ஜினியரும் இல்லை லோயரும் இல்லை, ஒருக்காக் கட்டி, பிறகு உடைச்சு, திரும்பவும் கட்டின ஒரு வீட்டுக்காரன், அவ்வளவுதான். இது முழுக்க ஒன்ராறியோக் கதை, அதிலயும் கூடுதலா ரொறன்ரோ. மொன்றியலில இருக்கிறவை வாசிச்சிட்டு என்னோட சண்டைக்கு வரவேண்டாம்.

என்ர வீடு, என்ர பேஸ்மென்ற், இதுக்கு ஏன் சிற்றியிட்ட (நகரசபையிட்ட) போய்க் கேக்கவேணும்?

ஒன்ராறியோவில 1992ம் ஆண்டுக் கட்டடச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. அதின்ர 8ம் பிரிவுப்படி சிற்றியின்ர தலைமைக் கட்டட அதிகாரி பெர்மிட் தராமல் ஆரும் கட்டவோ இடிக்கவோ ஏலாது. மீறினால் தனி ஆளுக்கு முதல்தரம் 50,000 டொலர் வரைக்கும், பிறகும் செய்தால் 100,000 டொலர் வரைக்கும் கோட்டில தண்டம் போடலாம்.

தண்டத்தை ஒரு பக்கம் வையுங்கோ. பேஸ்மென்ற் எண்டுறது நிலத்துக்குக் கீழ, ஏறி வர ஒரே ஒரு படி, கைக்குட்டை அளவு ஜன்னல், பக்கத்து அறையில வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸும் வோட்டர் ஹீற்றரும். ராத்திரி ரெண்டு மணிக்குப் புகை வந்தால் அங்க படுத்திருக்கிற பிள்ளை எதால வெளிய வரும்? முக்கால்வாசி விதியும் இந்தக் கேள்விக்காகத்தான் எழுதியிருக்கு. இதை மனசில வைச்சு வாசிச்சியள் எண்டால் கீழ வாற அளவுக் கணக்கெல்லாம் விளங்கும்.

சும்மா பெயின்ற் அடிச்சு கார்ப்பெற் போடுறதுக்கும் பெர்மிட்டோ?

இல்லை. பெயின்ற், தரை, பைப்பில கை வைக்காமல் அலுமாரி மாத்திறது, தண்ணி கசியிற சுவரைத் திருத்திறது, இதுகளுக்கு வேண்டாம். ரொறன்ரோவில எதுக்கு வேணும் எண்டால்: தாங்கிற சுவர், பீம், தூண் மாதிரிக் கட்டமைப்பில கை வைச்சால், புதுசா பாத்ரூம் குசினி எண்டு பைப் போட்டால், ஹீற்றிங் லைனை மாத்தினால், கிண்டி ஆழமாக்கினால், வெளிய போக வாசல் வெட்டினால், தனி யுனிற், அதாவது ஆக்கள் தனியா இருந்து சமைச்சுப் படுக்கிற வீடு, ஆக்கினால். வெறும் கொங்கிறீற்றா இருக்கிற இடத்தில புது அறை பிரிக்கிறதெண்டால் சிற்றியின்ர போன் நம்பரான 311க்கு ஒருக்கா அடிச்சுக் கேளுங்கோ, பத்து நிமிச வேலை.

மார்க்கம், எயாக்ஸ், பிரம்ரன் எல்லாத்துக்கும் மாகாணக் கட்டட விதி ஒண்டுதான், ஆனால் எதுக்கு விண்ணப்பம் கேப்பினம், கட்டணம் என்ன எண்டது ஊருக்கு ஊர் மாறும். மச்சான் பிரம்ரனில செய்ததைப் பாத்து நீங்கள் ரொறன்ரோவில செய்யாதேங்கோ.

கொன்ட்ராக்டர் "பெர்மிட் தேவையில்லை அண்ணை, எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்" எண்டுறார், நம்பலாமோ?

அவர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிடுவார். வீட்டு உறுதியில இருக்கிறது உங்கட பேர், சிற்றியின்ர ஓடர், அதாவது நிப்பாட்டு, திருத்து எண்டு கட்டளை, வந்தால் உங்கட கதவிலதான் ஒட்டுவினம். ரொறன்ரோவில வீடு திருத்திற கொன்ட்ராக்டருக்கு சிற்றியின்ர லைசன்ஸ் இருக்கவேணும், அதின்ர நம்பரைக் கேளுங்கோ. கேட்ட உடன முகம் மாறினால் உங்களுக்குப் பதில் கிடைச்சிட்டுது.

பெர்மிட் எடுத்துத் தாறன் எண்டு சொல்லுறவரிட்டயும் ஆற்ற பேரில எடுக்கிறார், என்ன வேலை எண்டு எழுதுறார் எண்டு விண்ணப்பத்தை வாங்கி வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்கோ. கனபேர் வாசிக்கிறதேயில்லை.

இப்ப றெக் ரூம் (வீட்டாக்கள் பொழுதுபோக்கிற அறை) எண்டு பெர்மிட் எடுத்திட்டு, பிறகு மெல்ல ஒரு குசினி போட்டு வாடகைக்கு விட்டால் என்ன?

என்னட்டக் கூடக் கேக்கிற கேள்வி இதுதான், வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், நானும் இதைத்தான் செய்தன். றெக் ரூமும் ஒரு பாத்ரூமும் எண்டு எழுதிக் குடுத்தன், பெர்மிட் கெதியா வந்தது, இன்ஸ்பெக்சன் எல்லாம் பாஸ், நானும் பெரிய கெட்டிக்காரன் எண்டு நினைச்சன். மூண்டு வருசத்தால மோட்கேஜ் வட்டி கூடினாப்போல வாடகைக்கு விடுவம் எண்டு மனிசி சொன்னா, முறையாச் செய்வம் எண்டு திரும்பப் போனால் அங்க கேட்ட ஒண்டும் என்ர வீட்டில இல்லை. கூரைக்கு நான் போட்டிருந்தது ஒஃபிசுகளில இருக்கிற மாதிரிக் கழட்டிப் பூட்டிற ஓடு, அது நெருப்பை மறிக்காது. ஜன்னல் காணாது. அலாம் மேலுக்கும் கீழுக்கும் இணைச்சிருக்கேல்லை. கழட்டு, உடை, திரும்பப் போடு. ஒரே கூரைக்கு ரெண்டுதரம் காசு குடுத்தன்.

றெக் ரூமுக்கு வாற இன்ஸ்பெக்டர் றெக் ரூமுக்கு உரியதைத்தான் பாப்பார். ஆக்கள் தனியா இருந்து சமைச்சுப் படுக்கிற யுனிற்றுக்கு உரியதை ஆரும் பாத்திருக்க மாட்டினம். கையில பெர்மிட் பேப்பர் இருக்கும், ஆனால் அது வேற ஒரு வீட்டுக்குரிய பேப்பர் மாதிரி. ஐஞ்சு வருசத்துக்குள்ள வாடகைக்கு விடுற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இப்பவே அதை எழுதுங்கோ, சுவர் திறந்திருக்கேக்க இந்த வேலைகளுக்கு வாற மேலதிகச் செலவு சுவரை மூடினாப் பிறகு வாறதில சின்னப் பங்குதான்.

வாடகைக்கெல்லாம் விடேல்லை, மீன் பொரிக்கத்தான் கீழ ஒரு குசினி. அதுக்கும் உந்தச் சட்டமோ?

எங்கட சனத்தின்ர கேள்வி! மேல குசினி விருந்தாளிக்கு, கீழ குசினி மீனுக்கும் மிளகாய்த்தூள் வறுக்கவும். சிங்க் போட்டால் பைப், பைப் எண்டால் பெர்மிட், அதில ஒரு மாத்தமும் இல்லை. காஸ் அடுப்புக்கு லைன் இழுக்கிறதெண்டால் லைசன்ஸ் உள்ள காஸ்காரர்தான் செய்யவேணும்.

குசினி, பாத்ரூம், படுக்கிற இடம், தனி வாசல் நாலும் சேர்ந்தால் அதைப் பாக்கிற அதிகாரிக்கு அது யுனிற் மாதிரித்தான் தெரியும், நீங்கள் மீன் எண்டு சொன்னாலும். விண்ணப்பிக்கேக்க இது ஒரே குடும்பம் பாவிக்கிற ரெண்டாவது குசினி எண்டு வரைபடத்திலயே எழுதி, உங்கட சிற்றி அதை எப்பிடி எடுக்குது எண்டு கேட்டுப்போட்டுத் தொடங்குங்கோ. புகை போக்கி வெளியில போகவேணும், அதை மறக்காதேங்கோ, இல்லாட்டி மேல கட்டில் விரிப்பு வரைக்கும் மணக்கும்.

என்ர வீட்டில யுனிற் போட விடுவினமோ எண்டு எப்பிடித் தெரியும்?

முந்தி இது பெரிய தலையிடி, இப்ப நல்லாக் குறைஞ்சிட்டுது. 2022 நவம்பரில மாகாணம் பில் 23 எண்டு கொண்டுவந்த சட்டப்படி, சிற்றித் தண்ணியும் கழிவுக் குழாயும் உள்ள பெரும்பாலான குடியிருப்புக் காணியில மொத்தம் மூண்டு யுனிற் வரைக்கும் போடலாம், ஒரு யுனிற்றுக்கு ஒரு பார்க்கிங்குக்கு மேல சிற்றி கேக்கவும் ஏலாது. ரொறன்ரோ 2023 மே மாசம் நாலு யுனிற் வரைக்கும் விட்டது.

ஆனால் "விடலாம்" எண்டுறது காணி பற்றின விதி. கட்டட விதியும் ஃபயர் விதியும் அப்பிடியே இருக்கு, ரெண்டையும் குழப்பாதேங்கோ. பிரம்ரன் மாதிரி ஊரில யுனிற்றைப் பதியவும் வேணும். கொண்டோ ரவுண்ஹவுஸ் எண்டால் முதலில கொண்டோ போர்ட், அதாவது அந்த வீடுகளை நிர்வகிக்கிற சபை, சம்மதிக்கவேணும். பள்ளத்தாக்கு, ஆறு பக்கம் வீடு எண்டால், ஹைலண்ட் கிறீக், றூஜ் பக்கம் கனபேர் இருக்கினம், வெளிய கிண்டுறதுக்கு முதல் ஆறு, பள்ளத்தாக்குகளைப் பாதுகாக்கிற கொன்சர்வேசன் அதோரிற்றியிட்டையும் கேக்கவேண்டி வரலாம்.

டிரோயிங் ஆர் கீறவேணும்? நானே கீறிக் குடுக்கலாமோ?

சொந்த வீட்டுக்கு வீட்டுக்காரர் தானே கீறிக் குடுக்க சட்டம் விடுது. வேற ஆள் காசுக்குக் கீறினால் அவருக்கு பி.சி.ஐ.என் எண்டு சொல்லுற மாகாணப் பதிவு நம்பர் இருக்கவேணும், விண்ணப்பத்தோட வாற டிசைனர் படிவத்தில அதைப் போடுவினம். பீம் மாத்திறது, அத்திவாரம் வெட்டுறது, கிண்டி ஆழமாக்கிறது எண்டால் லைசன்ஸ் உள்ள என்ஜினியர்தான்.

நான் முதல்தரம் நானே கீறினன், ரெண்டுதரம் திருப்பி அனுப்பிச்சினம். கூரை உயரம், ஜன்னல் அளவு, சுவர் எதால செய்யிறது, அலாம் எங்க, வெளிய போற வழி எது, இவ்வளவும் படத்தில இருக்கவேணும். யுனிற் எண்டால் ஆளைப் பிடிச்சுக் கீறுறதுதான் நல்லம்.

பெர்மிட் வர ஆறு மாசம் செல்லும் எண்டு சொல்லுகினமே?

வீட்டு விண்ணப்பத்துக்கு 10 வேலை நாளுக்குள்ள ஆம் இல்லை எண்டு சொல்லவேணும் எண்டது விதி. அந்தப் பத்து நாள், எல்லாப் பேப்பரும் முழுசா இருந்தால்தான் எண்ணத் தொடங்கும். ஆறு மாசம் எண்டு சொல்லுறவையிட்ட எத்தினை மாசம் சிற்றியிட்ட இருந்தது, எத்தினை மாசம் கீறுறவரிட்ட இருந்தது எண்டு பிரிச்சுக் கேளுங்கோ, கதை மாறும்.

எங்கட பேஸ்மென்ற் கூரை பதிவு, நிண்டால் தலை முட்டும். ஏலுமோ?

ஐஞ்சு வருசத்துக்கு மேல பழைய வீட்டில யுனிற்றுக்கு 1.95 மீற்றர், அதாவது கிட்டத்தட்ட 6 அடி 5 அங்குலம் வேணும். தரை போட்டு, கூரை மூடினாப் பிறகு வாற உயரம் அது, இப்ப மரச்சட்டத்துக்கு அளக்கிறது இல்லை. டக்ற், அதாவது சூட்டுக் காத்துக் குழாய், போற இடத்தை வடிவா அளவுங்கோ, எல்லாரும் சறுக்கிறது அதிலதான்.

காணாட்டி அத்திவாரத்துக்குக் கீழ கிண்டி இறக்கவேணும். வீடு முழுக்க அந்தச் சுவரிலதான் நிக்குது, அதால நாலு அடி மட்டில துண்டு துண்டா, ஒண்டை விட்டு ஒண்டு கிண்டி, கொங்கிறீற் ஊத்தி இறுகினாப் பிறகுதான் அடுத்த துண்டு. செமி வீடு எண்டால் நடுச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம், அவையின்ர சம்மதமில்லாமல் தொட ஏலாது. பெர்மிட் இல்லாமல் இதைச் செய்யிறன் எண்டு ஆராவது சொன்னால் அந்த வீட்டுக்குள்ள நிக்கவே நிக்காதேங்கோ.

ஜன்னல் 15 அங்குலம் போதும் எண்டு கடைக்காரர் சொன்னார், சரியோ?

அரைவாசி சரி. தப்பி வெளிய வாற ஜன்னலுக்கு எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்கு, அதாவது 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அதோட திறக்கிற இடைவெளி மொத்தம் 0.35 சதுர மீற்றர் வேணும். 15க்கு 15 போட்டால் அதில பாதி கூட வராது. அகலம் 15 எண்டால் உயரம் 36 அங்குலத்துக்கு மேல போகவேணும். இழுத்துத் திறக்கிற ஜன்னலில திறபடுற பாதிதான் கணக்கு, முழுக் கண்ணாடியையும் அளந்துபோட்டுச் சந்தோசப்படாதேங்கோ. சாவி, ஆயுதம் இல்லாமல் உள்ளுக்கிருந்து திறக்கவேணும், வெளிய கிடங்கு இருந்தால் ஜன்னலுக்கு முன்னால 550 மில்லிமீற்றர் இடம் விடவேணும்.

ஜன்னலைப் பெருப்பிக்க அத்திவாரத்தை வெட்டவேணும், அது கட்டமைப்பு வேலை, ரெண்டாம் கேள்விக்குச் சொன்ன பட்டியலுக்குள்ள வந்திடும்.

நெருப்பு மறிப்பு எண்டு ஏதோ சொல்லுகினம், ட்ரைவோல் (ஜிப்சம் பலகை) அடிச்சால் காணாதோ?

மேல வீட்டுக்கும் கீழ யுனிற்றுக்கும் நடுவில இடைவெளியில்லாமல் ஒரு மறிப்பு வேணும். ஐஞ்சு வருசத்துக்கு மேல பழைய வீட்டில 30 நிமிசம் தாக்குப் பிடிக்கிற மாதிரி, வீடு முழுக்க ஸ்மோக் அலாம் ஒண்டோடொண்டு இணைச்சிருந்தால் கூரைப் பக்கத்தில 15 நிமிசம் வரைக்கும் குறைக்கலாம். பொதுவாசலுக்குத் திறக்கிற கதவு 20 நிமிசக் கதவு, தானாச் சாத்திக்கொள்ளவேணும். அதுக்குக் கல்லு வைச்சுத் திறந்து விடுறது எங்கட பழக்கம், நானும் செய்திருக்கிறன், இப்ப இல்லை.

ட்ரைவோல் காணும், ஆனால் "இடைவெளியில்லாமல்" எண்டதுதான் கஷ்டம். ஃபேர்னஸ் அறைக் கூரை, படிக்குக் கீழ, டக்ற் நுழையிற ஓட்டை, பொட்லைட் வெட்டின வட்டம், எல்லாத்தையும் இன்ஸ்பெக்டர் ரோச் அடிச்சுப் பாப்பார்.

மேலயும் கீழயும் ஒரே ஃபேர்னஸ். ரெண்டாவது வாங்கவேணுமோ?

பழைய வீட்டில பெரும்பாலும் வேண்டாம். டக்றுக்குள்ள ஒரு ஸ்மோக் டிரெக்டர் பூட்டவேணும், புகை வந்தால் அது ஃபேர்னஸை நிப்பாட்டும், கீழத்தைய புகை மேல படுக்கையறைக்குப் போகாது. ஆனால் ரெண்டு குடும்பத்துக்கு ஒரு தேர்மோஸ்டற் எண்டால் அந்தச் சண்டைக்கு பெர்மிட்டில வழியில்லை.

எலக்ட்ரிக் வேலை சித்தப்பா செய்வார், ஊரில அவர் எலக்ட்ரீசியன். சரிதானே?

சரியில்லை. மின்சாரம் கட்டட பெர்மிட்டுக்குள்ள வராது, அது எலக்ட்ரிக்கல் சேஃப்ரி அதோரிற்றி எண்டு வேற அமைப்பு, அங்க தனியா அறிவிப்புக் குடுத்து அவையின்ர இன்ஸ்பெக்டர் வந்து பாக்கவேணும். வேலை செய்யிறவர் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கொன்ட்ராக்டரா இருக்கவேணும், இல்லாட்டி வீட்டுக்காரர் தானே தன்ர வீட்டில அறிவிப்புக் குடுத்துச் செய்யலாம். சித்தப்பா வந்து பக்கத்தில கதிரை போட்டு ரீ குடிச்சுக்கொண்டு புத்தி சொல்லட்டும்.

இன்ஸ்பெக்டர் எத்தினைதரம் வருவார்? வந்தால் பயப்பிடவேணுமோ?

மரச்சட்டம் அடிச்சு முடிய, பைப் போட்டு மூடமுதல், ஹீற்றிங், இன்சுலேசனும் பிளாஸ்ரிக் தாளும், கடைசியா முழுசா ஒருக்கா. உங்கட பெர்மிட்டோட வாற தாளில எது எது எண்டு இருக்கும். கூப்பிட்டால் ரெண்டு நாளுக்குள்ள வரவேணும் எண்டது விதி. பெர்மிட்டை வெளிய தெரியிற மாதிரி ஒட்டுங்கோ, படத்தின்ர ஒரு பிரதி வீட்டில இருக்கட்டும்.

ஒண்டை மட்டும் சுவரில எழுதி வையுங்கோ: அவர் பாத்து ஓம் எண்டு சொல்லமுதல் மூடக்கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை வெள்ளிக்கிழமை ட்ரைவோல் அடிச்சிட்டார், கொன்ட்ராக்டருக்கு அடுத்த கிழமை வேற வேலையாம். திங்கள் வந்த இன்ஸ்பெக்டர் திறக்கச் சொல்லிப்போட்டார், சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. பயப்பிட ஒண்டுமில்லை, நான் கண்டவை எல்லாரும் கேட்டால் விளக்கமாச் சொல்லுற ஆக்கள், ஒராள் என்ர படத்தில நான் கவனிக்காத பிழையைக் காட்டி எனக்குக் காசு மிச்சம் பிடிச்சுத் தந்தவர்.

பெர்மிட் எடுத்தன், வேலை பாதியில நிக்குது. காலாவதியாகுமோ?

குடுத்து ஆறு மாசத்துக்குள்ள ஒழுங்கா வேலை தொடங்காட்டி, இல்லாட்டி ஒரு வருசத்துக்கு மேல வேலை நிண்டு கிடந்தால், அதை ரத்துச் செய்யலாம். முடிச்ச ஆக்களும் கனபேர் கடைசி இன்ஸ்பெக்சனுக்குக் கூப்பிடாமல் விட்டிடுகினம். ஃபைல் திறந்தபடி கிடக்கும், வீடு விக்கேக்க வாங்கிறவையின்ர லோயர் தேடிப் பிடிப்பார், அப்ப ஓடித் திரியவேண்டி வரும்.

2013, 2024 மாதிரி மழை வந்தால் எல்லாம் நனைஞ்சு போகுமே, பெர்மிட் அதைப் பாக்குமோ?

2013 ஜூலை 8, 2024 ஜூலை 16, ரெண்டு நாளும் ரொறன்ரோவில எத்தினை பேரின்ர பேஸ்மென்ற் போனது எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிற்றிக் குழாய் நிரம்பினால் கழிவுத்தண்ணி உங்கட தரைத் துவாரத்தால திரும்பி வரும், அதை மறிக்கிறது பக்வோட்டர் வால்வ். அதைப் போடத் தரையை உடைக்கவேணும், அதால புதுத் தரை போடமுதல் போடுங்கோ. அதுக்கும் பெர்மிட் வேணும். ரொறன்ரோவில இதுக்கும் நிலத்தண்ணியை வெளிய இறைக்கிற சம்ப் பம்புக்கும் சிற்றி ஒரு பங்கு காசு திருப்பித் தருது, நிபந்தனையை வேலைக்கு முதல் வாசியுங்கோ.

பெர்மிட் எடுத்தால் வீட்டு வரி கூடுமாமே?

கொஞ்சம் கூடலாம். பெர்மிட் விபரம் எம்பாக் எண்டுற மதிப்பிடுற அமைப்புக்குப் போகும். நான் இதை எழுதேக்க அவை 2016 ஜனவரி 1 விலையை வைச்சுத்தான் இன்னும் மதிக்கினம், அதால ஆக்கள் சொல்லிப் பயப்பிடுத்திற அளவுக்கு இல்லை. ஒரு மாச வாடகையோட ஒப்பிட்டுப் பாருங்கோ, பிறகு கதைப்பம்.

ஊரிலயிருந்து வந்த அம்மா அப்பாவுக்குத்தான் யுனிற். ஏதும் சலுகை?

65 வயசோ அதுக்கு மேலயோ ஆனவை, இல்லாட்டி மாற்றுத்திறன் வரிச்சலுகைக்குத் தகுதியானவை உறவினரோட இருக்க யுனிற் கட்டினால், 2023 வரி வருசத்திலயிருந்து மத்திய அரசு 50,000 டொலர் வரையான செலவுக்கு ஒரு பங்கைத் திருப்பித் தருது. தனி வாசல், குசினி, பாத்ரூம், படுக்கிற இடம் உள்ள யுனிற்றா, உங்கட ஊர் விதிக்குச் சரியா இருக்கவேணும். றெக் ரூம் பெர்மிட்டோட இதைக் கேக்கப் போகாதேங்கோ. பில்லெல்லாம் வைச்சிருங்கோ, "கைக்காசு எண்டால் குறைச்சுத் தாறன்" எண்டுறவரிட்ட பில் வராது.

வாங்கப்போற வீட்டில ஏற்கெனவே ஆக்கள் இருக்கினம், ஏஜென்ற் "ரெட்ரோஃபிட்டுக்கு உத்தரவாதமில்லை" எண்டு எழுதியிருக்கிறார். அப்பிடியெண்டால்?

"இது சட்டப்படியோ எண்டு எங்களைக் கேக்காதேங்கோ" எண்டதின்ர மரியாதையான வடிவம். ரெட்ரோஃபிட் எண்டுறது பழைய யுனிற்றை ஃபயர் விதிக்கு ஏத்தபடி திருத்திறது. 1995 நவம்பர் 16க்கு முதலே யுனிற்றா இருந்தது எண்டு காட்டினால் காணி விதியில ஒரு பழைய பாதுகாப்பு இருக்கு, ஆனாலும் ஒன்ராறியோ ஃபயர் விதியில ரெண்டு யுனிற் வீட்டுக்கான 9.8ம் பகுதியை நிறைவேற்றவேணும். பேப்பர் இல்லாட்டி இல்லை எண்டு வைச்சு விலை பேசுங்கோ, சிற்றியிட்ட அந்த முகவரிக்கு என்ன பெர்மிட் இருக்கு எண்டு முதலே கேட்டுப் பாருங்கோ.

யுனிற் சட்டப்படி இல்லை, அதால இருக்கிறவரை உடன எழுப்பலாம்தானே?

இதைக் கேக்கிறவை சிரிச்சுக்கொண்டு கேப்பினம், பதில் கேட்டாப் பிறகு சிரிக்க மாட்டினம். யுனிற்றுக்கு பெர்மிட் இல்லாட்டியும் வாடகைக்கு இருக்கிறவருக்கு 2006ம் ஆண்டு வாடகைச் சட்டப் பாதுகாப்பு முழுசா இருக்கு. வீட்டுக்காரரோட ஒரே குசினி அல்லது ஒரே பாத்ரூம் பாவிக்கிறவருக்குத்தான் விலக்கு. வாடகைக்கு இருக்கிறவர் சிற்றிக்கு அடிச்சுச் சொன்னால் ஓடர் வாறது உங்களுக்கு.

ஏற்கெனவே பெர்மிட் இல்லாமல் செய்து முடிச்சாச்சு. இப்ப என்ன செய்யிறது?

ஒளிச்சு வைச்சிருக்கிறவை நீங்கள் மட்டும் இல்லை. இருக்கிறதை இருக்கிறபடி கீறிக்கொண்டு பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை முதல் செய்ததுக்கு மேலதிகக் கட்டணம் வரும், சில இடத்தில சுவரை, கூரையைத் திறந்து காட்டச் சொல்லுவினம், நாலாவது கேள்வியில என்ர கதையை மாதிரி. தானாப் போறவருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் அறிவிச்சு ஓடர் வந்தாப் பிறகு போறவருக்கும் வித்தியாசம் இருக்கு, பிந்தினவருக்கு நாள் குறிச்சுப்போட்டுத்தான் கதைப்பினம்.

போக முதல் ஒரு நல்ல டிசைனருக்குக் காசு குடுத்து வீட்டை ஒருக்காக் காட்டுங்கோ. கூரை உயரமும் ஜன்னலும் சரியெண்டால் மிச்சம் காசும் தூசியும்தான். உயரம் காணாட்டி, யுனிற்றை விட்டிட்டு றெக் ரூமா முறைப்படி மாத்தி எழுதிறதும் ஒரு வழி. என்ர நண்பர் ஒராள் அப்பிடித்தான் செய்தவர், இப்ப கீழ பிள்ளையள் மிருதங்கம் பழகுதுகள், மேல இருக்கிற எங்களுக்குத்தான் நெருப்பு மறிப்பை விடச் சத்த மறிப்பு தேவையா இருக்கு.